வியாழனைச் சுழற்றிய கை

எங்கள் அத்தானுக்குக் காட்சிக்கூடத்தில் பிரம்மா என்று பெயர். உலகங்களைப் படைக்கிறவர் என்பதால் யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. கோள் மண்டபத்தின் கூரையிலிருந்து கம்பியில் தொங்குகிற புதன் முதல் நெப்டியூன் வரைக்கும், அவற்றைச் சுற்றுகிற நிலாக்கள், குறுங்கோள்கள், மூலையில் வாலைப் பரப்பிக்கொண்டு நிற்கிற வால்மீன் உட்பட எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசியது அவர்தான். நான் அதே கூடத்தில் எலெக்ட்ரீஷியன். நடுவில் எரிகிற சூரியன் என் பொறுப்பு. "நான் இல்லைன்னா உன் வீட்டுக்காரர் குடும்பமே இருட்டுல கிடக்கும்" என்று அக்காவிடம் பீற்றிக்கொள்வேன். "பல்பு மாத்தறவனுக்கு வாயைப் பாரு" என்பாள் அவள்.

அத்தான் கோள்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் சொந்தக்காரர்களைப் பற்றிப் புறம் பேசுவதுபோல இருக்கும். வியாழனும் சனியும் கூட்டுக் குடும்பம், எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் ரெண்டு நிலா எங்கிருந்தாவது வந்து நிற்கும். பூமிக்கு ஒரே பிள்ளை, அதனால்தான் அந்த நிலாவுக்கு இத்தனை செல்லம். செவ்வாயின் இரண்டு நிலாக்களும் வேகாத உருளைக்கிழங்கு. வெள்ளி, ஊர் ஒரு பக்கம் சுற்றினால் தான் எதிர்ப்பக்கம் சுற்றுவேன் என்று பிடித்த முயலுக்கு மூன்று கால் சொல்கிற ஆள். யுரேனஸ் சாப்பிட்ட கையோடு ஒருக்களித்துப் படுத்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை.

புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது வேறு யாரையும் தொடவிடாமல் அவரே ஏணியில் ஏறி இறக்கினார். மண்டபத்துக் கோடியில், சின்னதுகளாகத் தொங்குகிற இடத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, "வீட்டை விட்டா துரத்திட்டாங்க? ரூமை மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான்" என்று அதற்கே ஆறுதல் சொன்னார்.

ஒருமுறை பட்டறைக் கூரை ஒழுகியதால் சனியை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார். அடுத்த வீட்டு அம்மா வாசலிலேயே வழிமறித்தார். "ஏங்க, சனியைப் போய்க் கையாலேயே தூக்கிட்டு வர்றீங்களே, உங்களுக்கு விவஸ்தையே இல்லையா?" அத்தான் வளையத்தைக் கதவு நிலையில் இடிக்காமல் சாய்த்துக்கொண்டே சொன்னார்: "இது காய்ஞ்சதும் கிளம்பிடும்மா. நீங்க சொல்ற சனிதான் ஏழரை வருஷம் உட்காரும்." அந்த அம்மா அப்புறம் பல நாள் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அக்காவுக்கு அதில் உள்ளூர சந்தோஷம்தான்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்லவேண்டும், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. பட்டறையில் ஓர் இரும்புத் தாங்கி உண்டு. கோளை அதன் அச்சில் மாட்டினால் அடியில் இருக்கிற சக்கரத்தைத் தள்ளத் தள்ள அது சுழலும். அத்தான் முக்காலியில் உட்கார்ந்து, வலது கையில் தூரிகையைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சக்கரத்தைச் சுற்றுவார். தூரிகை இம்மிகூட அசையாது. கோள் சுழன்று வந்து தானே வண்ணத்தை வாங்கிக்கொண்டு போகும். "கை ஓடக்கூடாது, கோள்தான் ஓடணும்" என்பார். வியாழனின் பட்டைகள் அப்படித்தான் ஒரு நெளிவு பிசகாமல் வரும்.

அந்த மனிதர் ஒரு நாள் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாம். இடது காலும் இடது கையும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை. "யுரேனஸைக் கிண்டல் பண்ணினேன் இல்லை, பழி வாங்கிட்டான்" என்று மருத்துவமனைப் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்தபடி சொல்லி நர்சுகளைச் சிரிக்க வைத்தார். கால் மெல்ல மெல்லத் தேறி, ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தார். கை தேறவில்லை. அதைவிட விநோதமான ஒன்றும் நடந்திருந்தது.

சாப்பாட்டுத் தட்டில் வலது பாதியை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, "அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் போடு" என்பார். இடது பாதி தொடாதபடியே இருக்கும். கன்னத்தில் ஒரு பக்கம் மழித்து, மறுபக்கம் தாடியோடு கண்ணாடியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். இடப்பக்கம் யாராவது வந்து நின்றால் அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே இல்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "கண்ணுல ஒரு குறையும் இல்லை. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்குங்கிறதையே அவரோட மூளை விட்டுடுச்சு. ஒண்ணு தொலைஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சாத்தானே தேடுவோம்? அவருக்குத் தொலைஞ்சதே தெரியாது. அந்தப் பக்கமா நின்னு கூப்பிடுங்க, திரும்ப வையுங்க. தெரிஞ்சாத்தான் தேடுவார், தேடினாத்தான் கிடைக்கும்."

சொல்லிவிட்டு ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். கோடு பிசகாமல் வரைகிற எங்கள் பிரம்மா, பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கியடித்து எழுதிவிட்டு நிமிர்ந்தார். டாக்டர் தாளைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். காலியாகக் கிடந்த பாதி வலப்பக்கம் வந்தது. அத்தான் அதைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பிடவில்லை, பேசவில்லை, யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் மறந்தவர்போல எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். ஆனால் அந்த இரண்டு நாளில் அக்கா பாதியாகிவிட்டாள்.

அன்றைக்கு முடிவு செய்தாள், இனி அவருக்கு இது தெரியவே கூடாது என்று. சாப்பிடும்போது தட்டை ஓசைப்படாமல் அரை வட்டம் திருப்பிவைப்பாள். மீதி மயிரை "பூச்சி உட்கார்ந்திருக்கு" என்று சொல்லி மழித்துவிடுவாள். வலப்பக்கமாகவே வருவாள், வலப்பக்கமாகவே போவாள். ஒருமுறை டாக்டர் சொன்னபடி இடப்பக்கமிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவர் வலப்பக்கமே தேடித் தேடிப் பயந்துபோனார். அதோடு அதையும் விட்டாள்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறே. எத்தனை நாளைக்கு? டாக்டர் சொன்னது காதுல விழலையா?" என்று கத்தினேன்.

"அந்தக் கடிகாரத்தைப் பார்த்தப்ப அவர் மூஞ்சி போன போக்கை நீயும்தானேடா பார்த்தே. இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால ஆகாது. பாதி உலகம் இல்லைன்னா இல்லாமப் போகட்டும். மீதியிலயாவது மனுஷன் சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

 

இதற்கிடையே மண்டபத்தைப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். பழைய வியாழன் வெடித்துப்போனதால் வெள்ளைப் பூச்சோடு புது உருண்டை ஒன்று வந்து பட்டறையில் இறங்கியது. அத்தான் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தவித்தார். "வியாழன் என்னோடது. வேற எவனாவது தொட்டான்னா பட்டையெல்லாம் பாயில படுத்த தழும்பு மாதிரி வரும்." கூடத்து மேலாளர் அம்மா நல்ல மனசுக்காரர். "வந்து பூசட்டும், என்ன கெட்டுப்போச்சு?" என்றார்.

முதல் நாள் நானும் அக்காவும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முக்காலியில் உட்கார வைத்தோம். வண்ணம் குழைத்தார். வெளிர்மஞ்சள், காவி, கொஞ்சம் செம்பழுப்பு. குழைப்பதில் எந்தக் குறையும் இல்லை, பழைய கைதான். தூரிகையை வைத்தார். இடது கை மடியில் கிடந்தது. அது சக்கரத்தைச் சுற்றுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கோள் நின்ற இடத்திலேயே நின்றது. தூரிகைதான் தன்னை அறியாமல் வலப்பக்கமாக ஊர்ந்தது.

முற்பகல் முடிவதற்குள் நிமிர்ந்தார். "பார்த்தியா மாப்ளே, கை மறக்கலை. ஒரு சுத்து முடிச்சாச்சு."

எதிரே வெள்ளை உருண்டையின் வலது ஓரத்தில் கால்வாசிக்கு அற்புதமான பட்டைகள் இருந்தன. மீதி எல்லாம் வெறும் வெள்ளை. மேலாளர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனார். நான் வாயைத் திறக்கப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள், நகம் பதிந்துவிட்டது.

மறுநாள் அக்கா தையல் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஒரு சின்ன மணையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். அத்தானுக்கு இடப்பக்கம், தாங்கியின் அடியில் அதைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் தூரிகையை வைத்ததும் இவள் சக்கரத்தைத் தள்ளினாள். வியாழன் சுழன்றது. பூசிய இடம் இடப்பக்கமாகப் போய் மறைய, வெள்ளை இடம் வலப்பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"இன்னிக்குச் சக்கரம் வெண்ணெய் மாதிரி ஓடுதே. எண்ணெய் விட்டியா?" என்றார்.

"விட்டேன் அத்தான்" என்றேன், அவருக்கு வலப்பக்கம் நின்றிருந்த நான்.

"நேத்தே விட்டிருக்கலாமில்ல, சோம்பேறி."

இப்படியாக வேலை நடந்தது. வடதுருவத்திலிருந்து பட்டை பட்டையாகக் கீழே இறங்கினார்கள் இரண்டு பேரும். அவருக்கு இவள் அங்கே இருப்பதே தெரியாது. அவர் மூச்சு விடும் கணக்கைப் பார்த்து அக்கா சக்கரத்தை நிறுத்துவாள், தள்ளுவாள். அவர் தூரிகையை எடுக்கப்போகிறார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் அது தானாக வந்தது என்று நினைக்கிறேன். நான் கம்பி இணைப்பதுபோல எதையாவது கையில் வைத்துக்கொண்டு, வலப்பக்கம் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அத்தான் கேட்டார். "உங்க அக்கா எங்கே?"

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். "கடைக்குப் போயிருக்கா அத்தான்."

"எப்பப் பார்த்தாலும் கடை. இல்லைன்னா தையல். இல்லைன்னா அடுத்த வீடு." தூரிகையைத் துணியில் துடைத்தார். "நான் விழுந்ததிலிருந்து அவ என்கூட உட்கார்றதே இல்லை மாப்ளே. வருவா, வைப்பா, போயிடுவா. முன்னெல்லாம் நான் பூசும்போது பக்கத்துல உட்கார்ந்து, அது கோணல் இது கோணல்னு உயிரை வாங்குவா. இப்ப அதுகூட இல்லை."

"வேலை அதிகம் அத்தான்."

"வேலை இல்லைடா. அலுத்துப்போச்சு அவளுக்கு. யாருக்குத்தான் அலுக்காது? நான் குறை சொல்லலை. ஆனா மனசு கேட்க மாட்டேங்குது. ஒரு வீட்டுக்குள்ளேயே ஆளைத் தொலைச்ச மாதிரி இருக்கு."

அக்கா சக்கரத்தை விடவில்லை. கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. சூரியன் விளக்கைச் சரிபார்க்கவேண்டும் என்று ஏதோ உளறிவிட்டு மண்டபத்துக்குள் போய்விட்டேன். அங்கே புதனும் வெள்ளியும் தொங்குகிற இடத்தில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று அழுதேன்.

மாலையில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "கேட்டியா அவர் சொன்னதை? அவர் மனசு நோகக்கூடாதுன்னுதானே மறைக்கிறே? இப்ப என்ன ஆச்சு? நீ அவரை விட்டுட்டேன்னு நெனச்சு நோகறார். சொல்லித் தொலையேன்."

"சொல்லி, மறுபடியும் சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டார்னா? இந்தத் தடவை எழுந்திரிக்கலைன்னா? அதுக்கு நீ பொறுப்பா?" என்றாள். "என்மேல கோவமா இருக்கட்டும். பரவாயில்லை. வியாழன் முடியட்டும்."

அது முடிகிற தறுவாயில்தான் வினை வந்தது. பெரிய சிவப்புப் புள்ளி வைத்தாகிவிட்டது. தென்பக்கத்தில் கடைசிக்கு முந்தின பட்டை, அகலமானது, காவியில். அன்றைக்குச் சக்கரம் பாதியில் இறுகிக்கொண்டது. அத்தானின் தூரிகை கோள்மேல் பதிந்திருக்கிறது, கோள் நிற்கப்போகிறது. நின்றால் வண்ணம் ஒரே இடத்தில் தேங்கி வழியும். அக்கா யோசிக்கவில்லை. எழுந்து கோளின் பின்பக்கத்திலேயே உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். சக்கரம் விடுபட்டது, கோள் ஓடியது. அவளும் பழையபடி குனிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். கை முழுக்கக் காவி. ஈர வண்ணத்தில் என்ன பதிந்தது என்று இருட்டான அந்தப் பக்கத்தில் அவள் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

கோள் சுற்றிக்கொண்டு வந்தது. பட்டை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், வலப்பக்க ஓரத்திலிருந்து, ஐந்து விரலும் விரிந்த ஒரு கை எழுந்து வந்தது.

அத்தான் தூரிகையை எடுத்துவிட்டார்.

"இது யாரு கை?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா அங்கிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். அத்தான் தன் வலது கையை அந்தச் சுவட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். அது இவர் கையில் பாதிதான் இருந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு சுண்டுவிரல் ஒருத்திக்குத்தான்.

"அவ கை" என்றார். "அவ எப்ப வந்தா? சக்கரம் என் கையில இல்ல இருக்கு?"

என்ன தோன்றியதோ, வலது கையைத் தன் மடிமேல் வைத்துத் தடவிக்கொண்டே போனார். இருட்டில் சாவி தேடுகிறவர்போலத் தடவினார். தொடையைத் தாண்டியதும் அது கிடைத்தது. அவருடைய இடது கை. அதை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, முகத்துக்கு எதிரே கொண்டுவந்து பார்த்தார். விட்டதும் தொப்பென்று விழுந்தது.

"இது இங்கேயே கிடக்குதே மாப்ளே." என்னைப் பார்த்தார். "அப்ப யாரு சுத்தறது?"

அக்கா காவி படிந்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார், முடிந்தது என்றே நானும் நினைத்தேன்.

"நீயா?" என்றார். வலப்பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துக் கேட்டார். "நீதானே? எங்கே இருக்கே? எனக்குத் தெரியலை. சத்தம் குடு, தேடிக்கிறேன்."

"இங்கேதாங்க இருக்கேன்" என்றாள் அக்கா.

அவர் தலை வழக்கம்போல வலப்பக்கம் போனது. அங்கே நான் நின்றேன். என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். தலை அங்கேயே நின்றது. அப்புறம் பார்வை மெல்ல இடப்பக்கமாக வந்தது. வியாழனைக் கடந்தது. எப்போதும் அவர் பார்வை நின்றுபோகிற நடு இடம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினார். இன்னும் கொஞ்சம்.

மணையில் உட்கார்ந்து, முகமெல்லாம் காவியும் கண்ணீருமாக, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவை அவர் பார்த்தார்.

"இங்கேயா இருந்தே? இத்தனை நாளும்?"

"வேற எங்கே போவேன்?"

"தனியாவா?"

அத்தான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கண் கொட்டாமல் பார்த்தார். ஆனால் கழுத்து தாங்கவில்லை. பார்வை தானாக நழுவி வியாழனுக்கு வந்து, அதையும் தாண்டி வலப்பக்கம் போய்விட்டது.

"ஐயோ, போயிட்டியே" என்றார்.

"போகலைங்க. இங்கேதான் இருக்கேன். திரும்புங்க."

அவர் மறுபடியும் திரும்பினார்.